மைனஸ் பதினான்கு

செஞ்சியில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதனின் இதயத்தைச் சோதித்துப் பார்க்கும் தகுதி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு. அதன் பெயர் ராஜகிரி. அடிவாரத்திலிருந்து உச்சிவரை எங்கேயும் உட்காராமல் ஏறி இறங்குகிறவனுக்கு இதய நோய் இப்போது இல்லை, முன்பு இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. எனவே நிரூபிக்கப்பட்டது.

இதைச் சொன்னவர் இளையபெருமாள். முப்பத்துமூன்று வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தி, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் சிவப்புப் பேனாவோடு பழுத்து, மூன்று வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று முடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. திருவண்ணாமலை ரோட்டில், அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பாண்டுரங்கனின் போண்டாக் கடை வாசலில், காலை ஏழரை மணிக்கு, டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் இதைச் சொல்வார். கேட்பவர்களும் சிரிக்க மாட்டார்கள். பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். சிரித்தால் என்ன ஆகும் என்பது அவர்களுடைய முட்டிக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

இந்தத் தேற்றத்துக்கு ஒரு கிளைத் தேற்றமும் உண்டு. செவ்வாய்க்கிழமை காலைகளில் பிரஷர்காரர்களும் சுகர்காரர்களும் கையில் அட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். ஒரு மாதத்துக்கான மாத்திரை வாங்கிப் போவார்கள். அதற்கு இளையபெருமாள் வைத்திருந்த பெயர் 'மாத்திரை ரேஷன்'.

"வரிசைல ரெண்டு மணி நேரம் நிக்கக் காலு இருக்குது இல்ல? அந்தக் கால எடுத்து மலை மேல வெச்சா மாத்திரை எதுக்குடா?" என்று ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். அந்த வரிசையில் ஒன்பது வருடமாக அவருடைய மனைவி சாமுண்டீஸ்வரியும் நிற்கிறார் என்பது அவருடைய குரலை ஒருநாளும் தாழ்த்தியதில்லை.

ஒருநாள் காலை, கடையில் முருகன் படத்துக்கும் ஆஞ்சநேயர் படத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு படம் தொங்கியது. லேமினேஷன் செய்த ஒரு காகிதம்.

"இன்னாடா இது, லைசென்ஸா?" என்றார் இளையபெருமாள்.

"ஹார்ட்டு ரிப்போர்ட்டு சார்" என்றான் பாண்டுரங்கன். அவனும் பழைய மாணவன்தான். ஐம்பது வயதாகிறது, பத்து வருடமாகப் பிரஷர், பத்து வருடமாகச் செவ்வாய்க்கிழமை வரிசை. "பிரஷர்காரங்க ஒரு தரமாவது ஹார்ட்டோட தசை எப்படி வேல செய்யுதுன்னு பார்த்துக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எக்கோ எடுத்தேன். அறுபத்தாறு வந்திருக்குது சார்!"

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

பாண்டுரங்கன் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் வாங்கியது முப்பத்தைந்து. அதில் மூன்று, இளையபெருமாள் இரக்கப்பட்டுப் போட்டது. அவருக்கு டீ கசந்தது.

"கீழ மைனஸ் இருபதுன்னு ஒண்ணு போட்டிருக்குது பாருங்க சார். அது இன்னான்னு டாக்டரம்மா சொன்னாங்க, மறந்துட்டேன். நல்லதுன்னு மட்டும் ஞாபகம்."

"மைனஸ் எப்படிடா நல்லதாவும்? தப்பா எழுதின விடைக்குக் கழிச்சிருப்பாங்க. அறுபத்தாறுல இருபது போனா நாப்பத்தாறு. உன் தலைக்கு அதுவே ஜாஸ்தி."

கடை மொத்தமும் சிரித்தது. பாண்டுரங்கனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் காகிதத்தைக் கழற்றவில்லை.

அந்த வாரத்திலேயே, வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வரும் நர்ஸ் அன்புக்கரசி சிங்கவரம் ரோட்டில் இருக்கும் இளையபெருமாள் வீட்டுக்கு வந்தாள். சாமுண்டீஸ்வரிக்குப் பார்த்தாள். நூற்று முப்பது. "அப்படியே சாருக்கும் கட்டு" என்றார் சாமுண்டீஸ்வரி. இளையபெருமாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கையைப் பிடித்துக் கட்டியாகிவிட்டது.

"நூத்தி எழுபது, நூத்தி நாலு" என்றாள் அன்புக்கரசி.

"நூத்துக்கு நூத்தி எழுபது எப்படிம்மா வரும்? மொதல்ல மெசினச் சரி பண்ணு."

"மெசின் நல்லாத்தான் சார் இருக்குது. ஆறு வருஷமா உங்களுக்கு இதேதான் காட்டுது. மாத்திரையும் போடல. இவ்ளோ அழுத்தத்த எதுத்து எதுத்து அடிச்சிக்கிட்டே இருந்தா ஹார்ட்டோட தசை இன்னா ஆவும்? ஒரு எக்கோ எடுத்துப் பாருங்க சார்."

"வாரா வாரம் ராஜகிரி ஏறுறேன். அதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு வேணும்?"

"ராஜகிரி ரிப்போர்ட்டு குடுக்காது சார்."

அவள் போன பிறகு சாமுண்டீஸ்வரி பேச ஆரம்பித்தார். ஒன்பது வருடமாகப் பேசாததை எல்லாம் பேசினார்.

"நான் அந்த வரிசைல நிக்கும்போது எதுருல குந்திக்கினு என்னையும் சேர்த்துத்தான் கிண்டல் பண்றீங்க. எனக்குக் காது கேக்குது. பக்கத்துல நிக்கிறவளுக்கும் கேக்குது. 'உங்க வூட்டுக்காரருதானே அது'ன்னு கேக்குறா. நான் மாத்திரை போட்டா கோழை, நீங்க போடாம இருந்தா வீரன். இல்ல? சரி, பந்தயம். எக்கோ எடுங்க. உங்க ஹார்ட்டு நல்லா இருக்குதுன்னு காயிதம் வந்துட்டா, அன்னிக்கே என் மாத்திரைய எல்லாம் மூட்ட கட்டி வெச்சிட்டு உங்களோட மலை ஏறுறேன். இல்லன்னு வந்துட்டா, செவ்வாக்கிழமை நீங்க வரிசைல நிக்கணும்."

"எழுதி வெச்சிக்கோ" என்றார் இளையபெருமாள்.

எழுதி வைக்கத் தேவையில்லை. சாமுண்டீஸ்வரியின் வாய் வார்த்தையே பத்திரப்பதிவு. தங்கை வீட்டு விசேஷத்தில் ஆறிப்போன காபியைக் கொடுத்தார்கள் என்று 'இனிமே காபியே குடிக்க மாட்டேன்' என்று சொன்னவர், இருபத்திரண்டு வருடமாகக் குடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுப்பவள் பெயர் மோனிகா. சட்டையைக் கழற்றி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். நெஞ்சில் பசை மாதிரி எதையோ தடவி, ஒரு சின்னக் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். திரையில் புகை மூட்டத்துக்குள் ஏதோ திறந்து மூடியது.

"அதுவா என் இதயம்?"

"ஆமா சார்."

"ஏன் கறுப்பு வெள்ளைல இருக்குது?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சார்."

"பாண்டுரங்கனுக்கும்?"

"யாரு சார் அது? மூச்ச விட்டுட்டு நிறுத்துங்க."

திரையின் ஓரத்தில் எண்கள் வர ஆரம்பித்தன. இளையபெருமாள் எண்களோடு வாழ்ந்தவர். எந்த எண் முக்கியமானது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விழுக்காட்டுக் குறி போட்ட எண் ஒன்றுதான் இருந்தது. அறுபத்திரண்டு.

"அது இன்னா?"

"இ.எஃப். சார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஹார்ட்டு எவ்ளோ ரத்தத்த வெளிய தள்ளுதுன்னு..."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், இன்னும் முடியல. தசைய அளக்கணும், அதான் முக்கியம்..."

"அளந்த வரைக்கும் போதும்."

பசையைத் துடைக்காமலே சட்டையைப் போட்டார். சட்டை நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. வந்த காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அறுபத்திரண்டு! பீடி தொட்டதில்லை. வெற்றிலை தொட்டதில்லை. கல்யாணச் சாப்பாட்டில்கூட இரண்டாவது அப்பளம் கேட்டதில்லை. நானூறு தடவை ராஜகிரி ஏறி இறங்கிய இதயத்துக்கு அறுபத்திரண்டு. முதல் ஈட்டுப் போண்டாவில் ஐந்தைத் தின்று ருசி பார்த்துவிட்டுத்தான் கடையே திறக்கிறவனுக்கு அறுபத்தாறு. இவன் யாரைப் பார்த்து எழுதினான்? இவனுக்குப் பக்கத்துப் படுக்கையில் யார் படுத்திருந்தார்கள்? வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டதா? காந்தி பஜார் முழுக்க இந்தக் கேள்விகளோடு நடந்தார். எதிரே வந்த பழைய மாணவர்கள் மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். மூன்று பேரையும் முறைத்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார் சாமுண்டீஸ்வரி.

"திருத்தினது சரியில்ல. மறுமதிப்பீடு போடப்போறேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முப்பத்துமூன்று வருடத்தில், மார்க் போதாது என்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்த எந்தப் பையனையும் எந்தப் பெண்ணையும் இளையபெருமாள் மதித்ததில்லை. 'மறுபடி திருத்தினா ஏறும்னு எவன் சொன்னான்? எறங்கவும் எறங்கும்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் மறுநாள் காலை, முழுநீள வெள்ளைத்தாளில், ஓரம் மடித்து, எழுதினார்:

'பொருள்: என் இதயத்துக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்ணை மறுமதிப்பீடு செய்யக் கோருதல், தொடர்பாக. ஐயா / அம்மையீர், மேற்படி இதயம் கடந்த அறுபத்துமூன்று ஆண்டுகளாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் பணியாற்றி வருகிறது. அதன் மீது எவ்விதக் குற்றச்சாட்டும் நிலுவையில் இல்லை. இந்நிலையில் அதற்கு அறுபத்திரண்டு மட்டும் வழங்கப்பட்டிருப்பதும், என்னிடம் முப்பத்தைந்து வாங்கிய மாணவரின் இதயத்துக்கு அறுபத்தாறு வழங்கப்பட்டிருப்பதும் மதிப்பீட்டு முறையின் மீதே ஐயத்தை எழுப்புகின்றன. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கையெழுத்து, தேதி, இடம்: செஞ்சி.

விழுப்புரத்திலிருந்து வாரம் மூன்று நாள் ஸ்கேன் சென்டருக்கு வரும் இதய டாக்டர் சுமலதா மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே இளையபெருமாளுக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"சார், நீங்க பாஸ்" என்றார் டாக்டர். "பஸ் ஸ்டாண்டுல நூறு பேரு நிக்கிறாங்கன்னு வைங்க. ஒரு பஸ் வந்து அறுபத்திரண்டு பேர ஏத்திக்கிட்டுப் போவுது. அடுத்த பஸ் அதே மாதிரி. ஹார்ட்டும் அப்படித்தான். உள்ள வர்ற ரத்தத்துல ஒவ்வொரு அடிக்கும் அறுபத்திரண்டு பங்க வெளிய அனுப்புது. மொத்தத்தையும் அனுப்புற ஹார்ட்டு உலகத்துலயே கிடையாது. அம்பத்தஞ்சுலேர்ந்து எழுபது வரைக்கும் எல்லாம் ஒரே கிளாஸ்தான். உங்க அறுபத்திரண்டும் அவரு அறுபத்தாறும் ஒண்ணுதான்."

"நூத்துக்கு நூறு யாரும் எடுத்ததில்லையா?"

"எடுத்தா சொல்ல ஆளு இருக்க மாட்டாங்க."

அந்த நிமிடத்தில் இளையபெருமாள் பந்தயத்தில் ஜெயித்திருந்தார். காகிதத்தில் 'நார்மல்' என்று இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எனவே நிரூபிக்கப்பட்டது என்று கிளம்பியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கிளம்பத்தான் எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றார் டாக்டர் சுமலதா. "மனு குடுத்திருக்கீங்களே. நேத்து பாதியிலயே எழுந்து போயிட்டீங்கன்னு மோனிகா சொன்னாங்க. பாதித் தாள வெச்சிக்கிட்டு நான் எப்படி மறுமதிப்பீடு பண்றது?"

விடைத்தாள் முகாம்களில் பழுத்த ஒரு மனிதரால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான். போய்ப் படுத்தார்.

இந்த முறை மோனிகா அவசரப்படவில்லை. கணினி, இதயத் தசையின் விளிம்பு நெடுகப் புள்ளிகள் வைத்தது. கோலம் போடுவதற்கு வைக்கிற மாதிரி. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தப் புள்ளிகள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று பின்தொடர்ந்தது. கடைசியில் திரையில் வட்டமாக ஒரு படம் வந்தது. பெரும்பகுதி சிவப்பு. அங்கங்கே வெளுத்துப்போன திட்டுகள்.

இளையபெருமாளுக்கு ரத்தம் கொதித்தது. "இவ்ளோ சிவப்பா? மொத்தமா சுழிச்சிட்டாங்களா?"

"சிவப்புதான் சார் நல்லது. வெளுத்திருக்கிற எடம்தான் சரியில்ல" என்றாள் மோனிகா.

சிவப்பு நல்லதாம். அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை பசையைத் துடைத்துவிட்டுத்தான்.

டாக்டர் இரண்டாவது காகிதத்தைக் கையில் வைத்திருந்தார். "இதயத்தோட சுவரு பதிமூணு மில்லிமீட்டர் இருக்குது சார். பத்து, பதினொண்ணுக்குள்ள இருக்கணும்."

"பதிமூணா?" இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. "அப்ப தடிமனா இருக்குதுன்னு சொல்லுங்க. இந்த ஊர்ல வந்து சுவரு தடிமன் ஜாஸ்தின்னு குறை சொல்றீங்களே டாக்டர்! வெளியில போய்ப் பாருங்க. நானூறு ஐந்நூறு வருஷமா நிக்குது."

"கோட்டைச் சுவரு அசையக் கூடாது சார். இது அசையணும். நிமிஷத்துக்கு எழுபது தரம்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிரஷர் ஜாஸ்தியா இருந்தா ஹார்ட்டு அதிகமா முட்டித் தள்ள வேண்டியிருக்குது. தள்ளித் தள்ளித் தசை தடிச்சிப் போவுது. தடிச்சா விறைக்குது. அறுபத்திரண்டு இன்னும் குறையல, சரி. ஆனா அந்த அறுபத்திரண்டத் தள்ளுறதுக்குத் தசை படுற பாடு இருக்குது பாருங்க, அது அந்த எண்ணுல தெரியாது. இதுல தெரியும்." ஓர் எண்ணின் கீழே கோடு போட்டார். "ஒவ்வொரு துடிப்புக்கும் தசை எவ்ளோ சுருங்குதுங்கற கணக்கு. சுருங்குது, நீளம் கொறையுது, அதனால மைனஸ் போடுறோம். மைனஸ் இருபது பக்கத்துல இருந்தா நல்லது. உங்களுக்கு மைனஸ் பதினாலு."

இளையபெருமாள் காகிதத்தை வாங்கி, கோடு போட்ட எண்ணைப் பார்த்தார்.

"மைனஸ் பதினாலு" என்றார் இளையபெருமாள்.

"ஆமா சார்."

"பாண்டுரங்கனுக்கு மைனஸ் இருபது."

"மத்தவங்க ரிப்போர்ட்டப் பத்தி நான் பேசக் கூடாது சார்."

"நீங்க பேச வேணாம். அவன் கடைல மாட்டி வெச்சிருக்கான்." நாற்காலியின் நுனிக்கு வந்தார். "டாக்டர், எண்கோட்ட மனசுல வெச்சிக்கோங்க. பூஜ்ஜியத்துக்கு எடது பக்கம் போகப் போக எண்ணு சின்னதாவும். மைனஸ் பதினாலு, மைனஸ் இருபத விடப் பெரிசு. ஏழாங் கிளாஸ் பாடம். நான் அவன விட ஆறு ஜாஸ்தி! இத இல்லன்னு சொல்ல முடியுமா உங்களால?"

"முடியாது சார். எண்கோட்டுல நீங்கதான் பெரிசு" என்றார் டாக்டர். "நெஞ்சுல அவருதான்."

கணக்கில் ஜெயித்து, காரியத்தில் தோற்று, இப்படி ஒரு நாளை அவர் பார்த்ததில்லை. டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். இது இப்போதே தெரிந்தது நல்லது. இந்தக் கட்டத்தில் பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் தசை தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. விட்டால் அந்த அறுபத்திரண்டும் இறங்க ஆரம்பிக்கும். மூச்சு வாங்குகிற மாதிரி மலையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொண்டால் மாதா மாதம் மாத்திரை கொடுப்பார்கள்.

"போட்டா மார்க்கு ஏறுமா?"

"ஏறும்னுதான் எதிர்பார்க்குறோம். ஒரு வருஷம் கழிச்சுப் பார்ப்போம்."

"பிளஸ்ஸா வருமா?"

"மைனஸாவேதான் சார் ஏறும்."

வீட்டுக்குப் போகும்போது முதல் காகிதம் சட்டைப் பையில் இருந்தது. இரண்டாவது காகிதம் எட்டாக மடிந்து வேட்டி மடிப்பில் இருந்தது.

சாமுண்டீஸ்வரி முதல் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "நார்மல்னு போட்டிருக்குது."

"ஆமா."

"மறுமதிப்பீடு?"

"அறுபத்திரண்டு சரியான மார்க்குதான்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைக்கையில் அவருக்கே தன் மேல் கோபம் வந்தது.

சாமுண்டீஸ்வரி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் மாத்திரை டப்பாவை எடுத்து, ஒரு மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன் மலைக்கு. எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

ஜெயித்தவர் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. மனு கொடுத்தால் மனுவை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதானே, எந்த அலுவலகத்தில் மனுவைப் படிக்கிறார்கள்? சிவப்பை நல்லது என்றும் மைனஸைப் பிளஸ் என்றும் சொல்கிற படிப்பை யார் கண்டுபிடித்தது? எல்லாவற்றுக்கும் மேலாக இவள். பந்தயம் என்றால் ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். சொன்னதை அப்படியே செய்கிறவளோடு ஒரு மனிதன் எப்படிக் குடும்பம் நடத்துவது?

வெள்ளி, சனி இரண்டு நாளும் மேல்தட்டில் மஞ்சள் பை இருந்தது. சாமுண்டீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. இளையபெருமாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பதினேழு தடவை திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜகிரியில் கூட்டம். யுனெஸ்கோ பட்டியலில் கோட்டையின் பெயர் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் வண்டிகள் குறைவதில்லை. நூறு படி தாண்டியதும் இளையபெருமாள் செருப்பு வாரைக் கட்டுவதற்காக நின்றார். இருநூறாவது படியில் மறுபடி கட்டினார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

பின்னால் வந்த சாமுண்டீஸ்வரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. வாய் வெளுத்திருந்தது.

"இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல. தல மட்டும் கிர்ருங்குது. மாத்திர நிறுத்தி மூணு நாளு ஆச்சு இல்ல, பழகிடும்."

"உக்காரு."

"உக்கார மாட்டேன். உக்காந்தா நோயாளின்னு சொல்லுவீங்க. ஊரக் கூட்டிச் சொல்லுவீங்க." அவர் குரலில் ஒன்பது வருடத்துக் கோபம் அப்படியே இருந்தது. "நடங்க. உச்சி வரைக்கும் வந்துட்டுத்தான் எறங்குவேன்."

ஏழெட்டு வெளியூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இளையபெருமாள் நடுப்படியில் உட்கார்ந்தார்.

"எழுந்திரிங்க. இன்னா இது?"

"செருப்பு சரியில்ல. நீயும் உக்காரு, எனக்கு எழுந்திருக்க லேட்டாவும்."

சாமுண்டீஸ்வரி உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கீழே நெல் வயல்களும் தார் ரோடும் தெரிந்தன. இளையபெருமாள் சொல்ல வாயைத் திறந்தார். 'மைனஸ்' என்ற வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதியிருப்பார், சொல்லியிருப்பார். இப்போது அது வரவில்லை. அரை மணி நேரம் கழித்து இருவரும் மெதுவாக இறங்கினார்கள்.

அடிவாரத்தில் அவருடன் வழக்கமாக ஏறும் ஒருவர் கேட்டார்: "இன்னா சார், அதுக்குள்ள எறங்கிட்டீங்க?"

"இவளுக்குத் தலவலி" என்றார் இளையபெருமாள்.

சாமுண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முழுக்க, நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சமைத்தார், துவைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேல்தட்டைப் பார்க்கவும் இல்லை. இந்த மனுசி இதோடு நிற்க மாட்டாள், காபி கதைதான் இதுவும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. காபி குடிக்காததால் யாரும் சாவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. சாமுண்டீஸ்வரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். இளையபெருமாள் சமையலறைக்குள் போனார். மேல்தட்டிலிருந்து மஞ்சள் பையை இறக்கினார். முடிச்சை அவிழ்த்தார். கழுவித் துடைத்திருந்த அடுப்பு மேடையில் டப்பாவை வைத்தார். எட்டாக மடித்திருந்த காகிதத்தைப் பிரித்து, நீவி, டப்பாவின் மேல் வைத்தார். மைனஸ் பதினான்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சிறியதாக எழுதினார்: 'இதுதான் மறுமதிப்பீடு. நீ மாத்திரை போடு.' பின்வாசல் வழியாகப் போய்ச் செருப்பை மாட்டினார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. பிறகு டப்பா மூடி 'டக்'கென்று திறந்தது. அவர் வேகமாக நடந்தார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, மெதுவாக நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஏற்கெனவே இருபது பேர் நின்றார்கள். எதிரே போண்டாக் கடையைப் பாண்டுரங்கன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டுரங்கன் வரிசையில் இருந்தான்.

"சார்!" என்றான். "இன்னா சார் இந்தப் பக்கம்? தல எண்ண வந்தீங்களா?"

"திரும்பி நில்றா."

அவன் திரும்பவில்லை. அவரைப் பார்த்தான். ஓரடி பின்னால் நகர்ந்து, தனக்கு முன்னால் இடம் விட்டான். இளையபெருமாள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய், துணிப் பை வைத்திருந்த ஒரு பெரியவருக்குப் பின்னால் நின்றார். ரோட்டின் எதிர்ப்பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வந்தார். உள்ளே இருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "அட்டை பழசா, புதுசா?"

"புதுசு."

"பேரு?"

சொன்னார்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க சார்."

இளையபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னார்.